செருப்பு விடும் இடத்தில் ஒரு தூக்குச்சட்டி

வெந்நீர் பட்ட ஆட்டுக்குடலிலிருந்து எழும் ஆவிக்கு ஒரு நாற்றம் உண்டு. சாணமும் புளித்த தழையும் சுண்ணாம்பும் கலந்த அந்த நாற்றம், பம்மலில் நாங்கள் இருந்த ஒற்றை அறையின் சுவரிலும், மடித்து வைத்த என் பள்ளிச் சீருடையிலும், சோற்றிலும் ஏறியிருந்தது. அம்மா கறிக்கடையிலிருந்து குடலை வாங்கிவந்து, சுண்ணாம்பு தடவிச் சுரண்டி, குச்சியால் உட்புறத்தை வெளியே திருப்பி, ஏழு தண்ணீரில் அலசி, கேட்ட வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் அதற்குப் 'போட்டி' என்று பெயர். எனக்கு அது அருவருப்பு. அம்மா பிசைந்து தரும் சோற்றை மூச்சை அடக்கித்தான் விழுங்குவேன்.

எனக்குப் பதினோரு வயதில், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது. வயலே இல்லாமல் போன ஊரில், அவரவர் கைத்தொழிலின் பலனைப் பீடத்தின்முன் வைப்பது வழக்கம். தையல்காரர் தலையணை உறை வைப்பார், பேக்கரிக்காரர் ரொட்டி வைப்பார். "உங்க கை செஞ்சதுல நல்லதைக் கொண்டாங்க" என்று போதகர் சொன்னதை அம்மா அப்படியே எடுத்துக்கொண்டார். விடியுமுன் எழுந்து, இரண்டு ஆட்டின் குடலை வேட்டிபோல் வெளுக்கும்வரை கழுவி, புதுத் தூக்குச்சட்டியில் வைத்து, வாழையிலையால் மூடி, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

ஆலயப் படியில் நின்ற சபைக் கமிட்டிக்காரர் இலையைத் தூக்கிப் பார்த்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

"இன்னாம்மா இது, பீடத்துல வைக்கிற பொருளா?"

"காலைலேர்ந்து கழுவிகினே இருந்தேன் சார். மோந்து பாருங்க, வாசனையே வராது."

"மோந்து வேற பாக்கணுமாம்பா!" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "அந்த செருப்பு வுட்ற எடத்துல வச்சுட்டுப் போம்மா."

பக்கத்தில் நின்ற ஞாயிறு பள்ளி டீச்சர், "உங்க அம்மாவாடி?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல டீச்சர், எங்க தெருவுல இருக்கிறவங்க" என்றேன்.

ஜனங்களைக் கண்டு இயேசு மனதுருகினார் என்பது அன்றைய பிரசங்கம். செருப்புகளுக்கு நடுவே வாழையிலை வாடியது. மதியம் சபை விருந்தில் அதே குடலைச் சமையல்காரர் மிளகு போட்டு வறுத்துத் தர, கமிட்டிக்காரர்கள் தனிப்பந்தியில் விரலைச் சப்பிச் சாப்பிட்டார்கள். தூக்குச்சட்டி திரும்பி வந்தபோது அதனுள் அவர்கள் கடித்துத் துப்பிய பிரியாணி எலும்புகள் கிடந்தன. அம்மா அதையும் கழுவினார்.

இப்போது நான் வேதாகமக் கிரேக்கம் படிக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதை எங்கும் தலைநிமிர்ந்து சொல்வேன். 'மனதுருகினார்' என்ற இடத்தில் மூலத்தில் இருக்கும் வினைச்சொல் 'ஸ்ப்ளாங்க்னிஸோமை'. ஈரல், குடல் முதலான உள்ளுறுப்புகளின் பெயரிலிருந்து பிறந்தது. பலியிட்ட மிருகத்தின் உள்ளுறுப்புகளுக்கும் அதுவே பெயர். குடல் கலங்க இரங்குவது என்று பொருள். சுவிசேஷங்களில் அந்தச் சொல் இயேசுவுக்கும் அவர் சொன்ன கதைகளில் இரங்கிய சிலருக்கும் மட்டுமே வருகிறது. அது வரும் இடத்தில் பெரும்பாலும் உடனே ஒரு கை நீளும்: எவரும் தொடாத நோயாளியைத் தொடும், பசித்தவர்களுக்கு அப்பம் கொடுக்கும். தெய்வம் எதற்கும் கலங்காது என்று படித்தவர்கள் நம்பிய காலத்தில், குடல் கலங்கும் ஒரு தெய்வத்தைச் சுவிசேஷகர்கள் எழுதியிருக்கிறார்கள். நாமோ அதை மனத்துக்கு ஏற்றி, நாற்றம் போக்கி, பீடத்தில் வைத்துவிட்டோம்.

அந்தச் சொல்லைப் படித்த வகுப்பில் கைக்குட்டைக்காரர் நினைவுக்கு வந்தார். டீச்சரிடம் நான் சொன்ன பதிலும்.

இன்று எங்கள் பண்டிகையில் கைத்தொழிலின் பலனை யாரும் வைப்பதில்லை; கடையில் கட்டிய பழக்கூடைகள்தான் வரிசையாக இருக்கின்றன. குடலும் மெஷினில் கழுவிப் பாக்கெட்டில் வருகிறது. கழுவாத குடல் கேட்டபோது கறிக்கடை அண்ணா, "இன்னாத்துக்குக்கா வேண்டாத வேலை?" என்று சிரித்தார். நாங்கள் இப்போது இருக்கும் பெருங்களத்தூர் வீட்டின் பால்கனியில் உட்கார்ந்து, அம்மாவின் பக்கத்தில் முதன்முறையாகக் குடல் சுரண்டியபடி அந்த வினைச்சொல்லைச் சொன்னேன்.

"அப்ப சாமிக்கும் போட்டி கீதுன்ற?" அம்மா சிரித்தார். பிறகு சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டே, "அன்னிக்கு டீச்சராண்ட நீ சொன்னது என் காதுல வுழுந்துச்சு" என்றார்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு குடலைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூச்சை அடக்காத. மயக்கம் வரும். மூச்ச வுட்டுகினே கழுவு."