பத்து மரத்துக்கு ஒரு மடக்கு

வேலை செய்வது ஒருத்தி. பசிப்பது மூன்று பேருக்கு. தின்றதைத் திருப்பிக் கொடுப்பவளும் அந்த ஒருத்தியேதான். யார் அவள்?

வயிற்றில் ஒரு பிள்ளையும் மடியில் ஒரு பிள்ளையுமாக ரப்பர் மரம் வெட்டப் போனவள். வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பாலை வடிய விடுவது. எழுபதுகளின் நடுவில், சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்தில், அது நான். விடிவதற்குள் வயிற்றை நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது மரம் வெட்டுகிறவர்களின் முதல் விதி. என் வயிறு அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. மசக்கையோடு வேலைக்குப் போன சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மூத்தவள் ஸ்டெல்லாவுக்கு அப்போது பதிமூன்று மாதம். அம்மை கண்டு தேறிய உடம்பு. சோறு ஊட்டினால் துப்புவாள். டின் பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தாய்ப்பால் ஒன்றுதான் அவளிடம் தங்கியது. அவள் சோற்றுக்குப் பழகும்வரை அதை எப்படியாவது கொடுத்துவிட வேண்டும். அந்த நாள்களில் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

பெரட்டு

இருள் பிரியும் நேரத்தில் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். சரியாக என் பேர் வரும்போது எனக்குக் குமட்டும். முன்னால் நிற்பவர் சட்டையில் ரப்பர் பால் காய்ந்து அடை அடையாக ஒட்டியிருக்கும். நான்கு வருடம் முகர்ந்த வாடைதான். அந்த மசக்கை மாதங்களில் அது எனக்கு எதிரியாகிவிட்டது. ஆபீஸ் சுவருக்குப் பின்னால் ஓடுவேன். திரும்பி வருவதற்குள் நாலு பேர் தாண்டிப்போயிருக்கும்.

இரண்டு நாள், பேர் கூப்பிட்டுக் கணக்கு எழுதும் கிராணி என்னை வராதவள் என்று குறிக்கப் போனார். தண்டல் கோவிந்தன் அண்ணன்தான் தடுத்தார். எங்கள் வேலையை மேற்பார்ப்பவர் அவர். சத்தம் போடாமல் பேசிய ஒரே தண்டல். மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஞானம், பேரு கூப்பிட்டதும் மொதல்ல இருக்கேன்னு சொல்லிடுலா. அப்புறம் நிதானமா வாந்தி எடு.”

வேப்பிலை

மரம் வெட்டி முடித்ததும், பால் சேகரிக்கப் போகும் முன் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அதற்குள் ஆயாக்கொட்டகைக்கு ஓடி ஸ்டெல்லாவுக்குப் பால் கொடுப்பேன். வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளையெல்லாம் அங்கே மாரியாயி அக்கா பார்த்துக்கொண்டார். ஸ்டெல்லா குடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வாந்தி வரும். கழுத்தை மட்டும் திருப்பி, பக்கத்தில் வைத்த வாளியில் எடுப்பேன். அவள் வாயை எடுக்க மாட்டாள். என் உடம்பு குலுங்கும்போது அவளும் சேர்ந்து குலுங்குவாள், அவ்வளவுதான்.

சூலியின் பால் மூத்ததுக்கு ஆகாது, மறக்கடித்துவிடு என்று அக்கா தினமும் சொல்வார். ஒரு நாள் வேப்பிலையை அரைத்துக் கொண்டுவந்து, நான் சோர்ந்திருந்த நேரம் பார்த்து மார்பில் தடவியும் விட்டார். அந்த வாடைக்கு முதலில் வாந்தி எடுத்தவள் நான். ஸ்டெல்லா ஒரு வாய் வைத்தாள், முகம் கோணியது. பிறகு என் தலைத்துண்டின் நுனியை இழுத்து அழுத்தித் துடைத்தாள், இன்னொரு முறை துடைத்தாள், குடிக்க ஆரம்பித்தாள். பால் வடிய மரத்தில் மாட்டும் கிண்ணத்துக்கு மங்கு என்று பேர்; அதை நாங்கள் தினமும் துடைத்த பிறகுதான் பால் பிடிப்போம். அக்கா அரைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: “இவளைக் கொட்டகையில வச்சிருக்கிறது தப்பு. மங்கு தொடைக்க அனுப்பிடு.”

எடை

தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் ஐயா என்னை எடை பார்த்தார். கல்யாணத்தின்போது இருந்ததில் ஆறு கிலோ காணோம். அடுத்த மாதமும் இறங்கினால் மூத்தவளுக்குப் பாலை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேருக்கும் ஆபத்து என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

மறு மாதம், வெட்டிக்கொண்டிருந்த மர நிரையிலிருந்து நேராக மருந்தகத்துக்கு ஓடினேன். முள் இரண்டு கிலோ ஏறிக் காட்டியது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். டிரெசர் ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கணவர் சவரிமுத்துவின் பழைய சட்டையைத்தான் வேலைக்குப் போடுவேன். ரப்பர் பால் படிந்து படிந்து அது பலகை மாதிரி நிற்கும். இடுப்புப் பையில், வெட்டிய கோட்டில் உறைந்திருந்து அன்று மரத்திலிருந்து உரித்த கோட்டுப்பால் திரண்டு கிடந்தது. சட்டையையும் பையையும் கழற்றிவிட்டு ஏறியபோது, போன மாதத்தை விட அரை கிலோ குறைவு. ஏமாற்ற நினைத்து வரவில்லை என்று சொல்லி அழுதேன். அவர் பையை விரலால் தூக்கி வெளியே வைத்தார். “இன்னும் ரெண்டு வாரம் தரேன்மா. இந்த மூட்டையை ஸ்டோர்ல நிறுத்திட்டு, நீ மட்டும் வா.”

ஒரு மடக்கு

சவரிமுத்து ஒரு பாட்டிலில் நீராகாரம் உப்புப் போட்டுக் கட்டிக்கொடுத்தார். தாகத்தில் மொத்தமாகக் குடிப்பேன்; மொத்தமாக வெளியே வரும். கோவிந்தன் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, பத்து மரத்துக்கு ஒரு மடக்கு, அதற்கு மேல் கூடாது என்றார். பத்தாவது மரம் முடியும் முன்னால் பாட்டிலைத் தொட்டால், எங்கிருந்தோ இருமுவார்.

முதல் இரண்டு நாள் பயனில்லை. மூன்றாம் நாள் முப்பது மரம் தாண்டியும் வயிறு அசையவில்லை. நம்ப முடியாமல் நின்றேன். அவர் வந்து நான் வெட்டிய பட்டைகளைத் தடவிப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் திட்டு விழுந்திருக்கும். “எல்லாம் கோணல். ஆனா ஒண்ணும் வெளிய வரல. இன்னிக்கு இது போதும்லா.”

இரண்டு வாரம் கழித்து, குளித்து, மெல்லிய சேலையில் போய் நின்றேன். முக்கால் கிலோ கூடியிருந்தது. டிரெசர் ஐயா என்னை மறுபடியும் ஏறி இறங்கச் சொன்னார். அப்புறம் எழுதிக்கொண்டே சொன்னார்: “குடுக்கலாம்மா. பிள்ளை எவ்வளவு நாள் கேக்குதோ, அவ்வளவு நாள் குடு.”

கிழங்கு

ஐந்தாம் மாதத்தில் மசக்கை விட்டது. பாலும் வற்றிக்கொண்டு வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலை, வழக்கம்போல் கொட்டகைக்கு ஓடி, உட்கார்ந்து, சட்டைப் பித்தானைக் கழற்றி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். மாரியாயி அக்கா அவித்த மரவள்ளிக் கிழங்கைப் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆறு கிலோவும், ஒரு கிண்ணம் வேப்பிலையும், கணக்கில்லாத வாந்தியும் செலவழித்து நான் காப்பாற்றிய பாலை ஸ்டெல்லா நின்று பார்த்துவிட்டு, கிழங்கு வாங்கப் போய் உட்கார்ந்தாள்.