நடுவில் ஒரு ஆடு

என் அறைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறேன். பின்னால் மலை, முன்னால் காலி நாற்காலி, பார்த்தவுடன் தெரிவது அவ்வளவுதான். உட்கார வேண்டியவர் எங்கே போனார் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். பதிலுக்குக் காத்திராமல் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில், கோயிலுக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் நான் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு மொட்டை போட்டவர்கள் தலையில் சந்தனம் காய்வதற்குள் எங்களிடம் வந்துவிடுவார்கள். நிஜ மலை வாசலிலேயே நிற்கும். ஆனாலும் உள்ளே துணியில் வரைந்த மலைக்கு முன்னால் நின்றால்தான் அவர்களுக்குத் திருப்தி. அதை வரைந்தவரை ஸ்கிரீன்காரர் என்போம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். அவரைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. வருஷா வருஷம் தீபத்துக்கு முன்னால் வருவார், பழைய மலையின் மேல் வெள்ளை பூசுவார், புது மலை வரைவார்.

ஸ்டுடியோத் திரையின் நடுவில் யாரும் வேலைப்பாடு செய்யமாட்டார்கள். அங்கே தலைகள் வரும் என்பதால் சாம்பல் நிறத்தைப் பூசி விட்டுவிடுவார்கள். இவரோ சரியாக நடுவில், ஒரு பாறைமேல், கீழே எட்டிப் பார்க்கும் ஆடு ஒன்றை வரைவார். காது மயிர்கூடத் தெரியும்படி மெல்லிய பிரஷ்ஷால் இழைத்திருப்பார். குடும்பம் வந்து நின்றதும் ஆடு காணாமல் போய்விடும். முதலாளி அவரைக் கேலி செய்யாத வருஷமில்லை. யார் கண்ணிலும் படாத ஆட்டுக்கு எதற்கு இத்தனை பாடு என்று ஒருநாள் நானும் கேட்டேன்.

"தெரியணும்னா ஓரத்துல போட்டிருப்பேனேங்க," என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். பாராட்டே வேண்டாத மனிதர் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

ஒரு வருஷம் வெள்ளைப் பெயிண்ட் வாளியோடு வந்தவர் பூச ஆரம்பிக்கவில்லை. முதலாளி சாப்பிடப் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பூசறதுக்கு முன்னாடி, ஆளில்லாம ஒரு தபா எடுங்களேன்."

திரைக்கு முன்னால் வழக்கமான நாற்காலி காலியாகக் கிடந்தது. கேமராவைச் சரிசெய்து திரும்பினால், பக்கத்தில் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தார், அவரையே படம் பிடிப்பதுபோல.

பிரிண்ட் வந்ததும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"ஆடு நல்லா வந்திருக்குங்க. பாக்கத்தான் யாருமே வரல."

படத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து இத்தனை வருஷமாக அந்த ஆட்டைப் பார்த்த என்னை அவர் ஓர் ஆளாகவே நினைக்கவில்லையா? அப்புறம்தான் தோன்றியது, பார்த்தேன் என்று நான் வாய் திறந்து சொன்னதே இல்லை. அடுத்த தீபத்துக்கு அவர் வரவில்லை. அறையைப் போய்ப் பார்த்தேன். வேறு பூட்டு தொங்கியது. பக்கத்து அறைக்காரருக்கு அப்படி ஒருவர் இருந்ததே ஞாபகமில்லை. வேறு ஆள் வந்து திரை வரைந்தார். நடுவில் வெறும் சாம்பல் நிறம்.

இப்போது வேங்கிக்காலில் நானும் தனியாகத்தான் இருக்கிறேன். பிள்ளைகள் சென்னையில். சாயங்காலம் விளக்கைப் போட்டுக்கொண்டு படத்துக்கு எதிரே உட்காருவேன். அதன் கண்ணாடியில் என் தலை விழும், சரியாக ஆட்டின் மேல்.

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.