அண்ணன் காலியாக விடாத மைதானம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர், ஏதாவது ஒரு விசேஷத்தில் அண்ணனைத் தேடிவிட்டு "எங்கே காணோம்?" என்று என்னிடம் கேட்டவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும் பகல் இரண்டு மணிக்குப் பிறகு அவரைப் பார்க்க முடியாது. என் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், பந்திக்கு இலை போடும்போதே கிளம்பிவிட்டார். அதற்காக நான் அவரோடு மூன்று மாதம் சரியாகப் பேசவில்லை. அவர் எங்கே போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் போயே ஆக வேண்டியிருந்தது என்பது சிலருக்கே தெரியும். ஓராண்டு நிறையும் இந்த நேரத்தில் அதை எழுதி வைப்பது தங்கையின் கடமை.

மடத்துக்குளத்துக்குத் தெற்கே, அமராவதி வாய்க்கால் பாயும் ஒரு சிற்றூரில் எங்கள் பெற்றோரின் மூத்த மகனாக அண்ணன் பிறந்தார். எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். அவர் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டில் அப்பா நோயில் விழுந்தார். இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அண்ணன் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் தைத்து வரும் துணியை மடித்து அடுக்கும் வேலை. ஏழெட்டு ஆண்டுகளில் கட்டிங் மாஸ்டர் ஆனார். தங்கையான என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். பத்திரிகை வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். அவர், "எழுதற வேலைதானே, போகட்டும்" என்றார். அந்த வீட்டுக்கு வாழ வந்த அண்ணி, அவருடைய எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் தன் கணக்கில் இல்லாதவை என்று விட்டுவிட்டார்.

கால்பந்தை அவர் திருப்பூருக்கு வந்த பிறகுதான் தொட்டார். கம்பெனிகளுக்கு ஞாயிறு விடுமுறை. உடன் வேலை செய்தவர்கள் மைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள். அவர் நல்ல ஆட்டக்காரர் அல்ல. இதைச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, அவரே சொல்வார். அவர் காலுக்கு வந்த பந்து பெரும்பாலும் எதிரணிக்கே போய்ச் சேரும். கோபமும் சட்டென்று வரும். ஆகவே முப்பது வயதுக்குள் ஆடுவதை நிறுத்திவிட்டு, ஆட்டங்களை நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் நகரத்தில் இல்லை.

அந்த மைதானத்தை ஊரில் ஸ்டேடியம் என்பார்கள். கட்டத் தொடங்கியவர்கள் மேற்குப் பக்கம் மட்டும் ஏழு படிகள் கொண்ட கேலரியைக் கட்டி முடித்தார்கள். மற்ற மூன்று பக்கமும் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்ற தூண்களோடு நின்றுபோயின. ஆண்டில் பாதி நாள் கண்காட்சி, சர்க்கஸ், பொதுக்கூட்டம். பந்தல் பிரித்த பிறகு தரை முழுக்கக் குழியும் ஆணியும் கிடக்கும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, சனிக்கிழமை மாலைகளில் அண்ணன் மைதானத்தின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு நடப்பார். ஒரு சுற்று முடிந்ததும் காந்தத்தில் ஒட்டிய ஆணிகளை உதறி டப்பாவில் போடுவார்.

அங்கே ஆடிய அணிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அண்ணன் செயலாளராக இருந்த கம்பெனி லெவன். அதில் பெரும்பாலும் உடுமலை, தாராபுரம் பக்கத்து ஆட்கள். மற்றொன்று தெற்கத்தி லெவன். கடலோர ஊர்களிலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்களின் அணி. அதன் தலைவர் சூசை, முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கோல் கம்பங்களுக்கு வலை பின்னிக் கொடுத்தவர்களும் அவருடைய ஆட்கள்தான். கம்பெனிகளில் ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் வேலை இருக்கும் என்பதால், எந்தக் கம்பெனிக்கு எப்போது ஷிப்மென்ட் என்று போன் செய்து கேட்டுக்கொண்டுதான் அண்ணன் ஆட்ட அட்டவணை போடுவார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில், மைதானத்தை ஆண்டு முழுவதும் கண்காட்சிக்கும் லாரி நிறுத்தவும் விட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அண்ணனும் சூசையும் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். மனுவை வாங்கிய நகராட்சி அதிகாரி கேட்டதை அண்ணன் வீட்டில் அப்படியே சொல்லிக் காட்டினார்.

"சும்மா கெடக்கற எடத்துக்கு எதுக்குங்க இத்தனை பேரு மனு?"

"சும்மா கெடக்கலீங்க. ஒரு ஞாயித்துக்கெழமை வந்து பாருங்க."

"வர்றனுங்க. ஆனா நாலு பேரு பந்தை ஒதைக்கறதைக் காட்டி டோர்னமென்ட்டுன்னு சொல்லக்கூடாது."

எந்தக் கம்பெனிக்கும் ஷிப்மென்ட் இல்லாத ஒரு ஞாயிறு தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை இரண்டு அணியிலும் ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்டு ஆடி வந்தவர்கள், அதிகாரி பார்க்கப் போகிறார் என்பதால் சீருடை தைத்துக்கொண்டார்கள். அண்ணனின் கம்பெனியில் நிறம் ஒத்துவரவில்லை என்று சரக்கு வாங்கும் பையர் ஒதுக்கிய மாம்பழ மஞ்சள் துணி இருந்தது. முதலாளியிடம் கேட்டு ஒரு ரோல் வாங்கி, அண்ணன் தன் கையாலேயே வெட்டினார். மிச்ச ரோல்களைக் கம்பெனி விற்றுவிட்டது.

அன்று நானும் அண்ணியும் கேலரியின் மூன்றாம் படியில் இருந்தோம். இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அதிகாரியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வேறு நிறம் போடும் கோல் கீப்பரைத் தவிர கம்பெனி லெவன் முழுவதும் மாம்பழ மஞ்சளில் இறங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து தெற்கத்தி லெவன் வந்தது. அதுவும் மாம்பழ மஞ்சள். அண்ணனின் கம்பெனி விற்ற ரோல்கள் காதர்பேட்டைத் துணிச் சந்தைக்குப் போய், அங்கிருந்து சூசையின் கைக்கு வந்திருந்தன.

சூசை நேராக அண்ணனிடம் வந்தார். "என்ன மாஸ்டர் இது? எங்க சட்டையவே நீங்களும் போட்டுட்டு வந்திருக்கிய?"

அண்ணன் சூசையின் கையருகே துணியைப் பிடித்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். "ஒரே சட்டை இல்லீங்க சூசை. இது வேற லாட்டு. உங்குளுது அரை ஷேடு கம்மி. நல்லாப் பாத்தாத் தெரியுமுங்க."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபது ஆண்டு துணியைப் பார்த்த கண்ணுக்கு அவை உண்மையாகவே வேறு நிறங்கள். அதிகாரியிடமும் போய் அதையே சொன்னார். அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்தார். "உங்க கண்ணுக்கு வேறயாத் தெரியலாமுங்க. எனக்கு இருபது மாம்பழம்தான் தெரியுது. யாரு யாருக்குப் பந்து குடுக்கறாங்கன்னு நான் எப்படிப் பாக்கறது?"

கேலரி சிரித்தது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். அது இன்டர்லாக் துணி. இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். யாராவது ஒரு அணி கழற்ற வேண்டும். சூசை கையைக் கட்டிக்கொண்டார். "நாங்க காசு குடுத்து வாங்கிருக்கோம் மாஸ்டர். கழத்த மாட்டோம்." அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் எழுந்து போய்விட்டால் அன்றோடு மைதானம் போயிற்று என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் தன் ஆட்களிடம், "தப்பு என்னுது. நாம கழத்திக்கலாங்க" என்றார். பிறகு தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கை வைத்த வெள்ளைப் பனியனை உருவி, முதல் ஆட்டக்காரரிடம் நீட்டினார். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கேலரியைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் ஒம்பது பனியன் வேணுமுங்க. உள்ள போட்டிருக்கறவங்க கொஞ்சம் குடுத்து ஒதவுங்க."

மேல் படியிலிருந்து ஒரு குரல்: "மாஸ்டர், சைஸ் என்ன வேணுமுங்க?"

"எண்பத்தஞ்சுல இருந்து எதுன்னாலும் சரிங்க."

"அக்குள்ள கிழிஞ்சிருந்தாப் பரவால்லீங்களா?"

"ஓட்டம் கம்மியா இருக்கற ஆளுக்குக் குடுத்தறலாங்க."

படிகளில் ஆண்கள் எழுந்து நின்று சட்டையைக் கழற்றத் தொடங்கினார்கள். கேலரியில் இருந்த பெண்கள் நாங்கள் ஐந்தாறு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். ஒன்பது கேட்டதற்கு இருபதுக்கு மேல் வந்தன. பண்டல்களுக்கு நம்பர் போடும் மைப்பேனா அண்ணனின் பையில் எப்போதும் இருக்கும். அதைக் கொண்டு முதுகில் எண் எழுதினார். நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கம்பெனி லெவன் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. அதிகாரி கடைசிவரை இருந்தார். இரண்டாம் பாதியில் அவர், ஏழாம் நம்பர் பனியன்காரருக்குப் பந்து தரச் சொல்லி ஒரு முறை கையை நீட்டியதை அண்ணி எனக்குக் காட்டினார்.

போகும்போது அதிகாரி அண்ணனிடம் சொன்னது இது: "ஞாயிறு சாயங்காலம் நாலு மணியிலிருந்து கிரவுண்டு உங்குளுதுன்னு எழுதி வெக்கறனுங்க. வாரம் ஒரு நாள்தான் என்னால முடியும். ஆனா ஒன்னு. ஒரு ஞாயிறு காலியாக் கெடந்தாலும், ஆட்டமே நடக்கறதில்லைன்னு எழுதிக் குடுக்க ஆளு காத்துட்டு இருக்காங்க. அப்பறம் நான் இருந்தாலும் ஒன்னும் பண்ண முடியாது."

அவர் அடுத்த ஆண்டே மாற்றலாகிப் போனார். அண்ணன் அந்தச் சொல்லைக் கடைசிவரை பிடித்துக்கொண்டார்.

மழை பெய்தாலும் ஆட்டம் இருந்தது. ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேரே வந்தாலும் ஆட்டம் இருந்தது. சிக்கல் தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில்தான் வந்தது. தெற்கத்தி ஆட்கள் எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். திருப்பூர் அப்படியே காலியாகிவிடும். முதல் தீபாவளியின் போது அண்ணன் இரண்டு நாள் சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்தார். பிறகு, ஊருக்குப் போகாமல் இருப்பவர்கள் யார் என்று யோசித்தார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அப்போதுதான் நிட்டிங் வேலைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த லைன் வீடுகளுக்குப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். ஞாயிறு நாலு மணிக்கு மைதானம் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த இந்தி இவ்வளவுதான். "சண்டே. சார் பஜே. ஸ்டேடியம்." பதினெட்டுப் பேர் வந்தார்கள். அன்று தொடங்கிய அணி இன்று லீக்கில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. அவர்கள் அண்ணனை "மாஸ்டர்ஜி" என்பார்கள். அவரும் கடைசியில் ஆப்சைடு பற்றி இந்தியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார்.

பின்னர் அணிகள் ஒன்பது ஆயின. வாரம் இரு நாள் காலைப் பயிற்சிக்கும் அனுமதி கிடைத்தது. லாரிகள் மைதானத்துக்கு வெளியே வேறு இடத்துக்குப் போயின. கேலரி மட்டும் இன்றும் ஒரு பக்கம்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணனுக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். அண்ணன் மைதானத்தைச் சுற்றி நடந்தார். ஒரு சனிக்கிழமை விடிகாலையில், வீட்டில், தூக்கத்திலேயே எங்களை விட்டுப் பிரிந்தார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

ஞாயிறு காலையில் இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் வீட்டு வாசலில் நின்றிருந்தபோது, சூசை அண்ணியிடம் வந்தார். சுற்றி ஒன்பது அணிக்காரர்களும் நின்றார்கள்.

"மைனி, இன்னைக்கு ஆட்டம் வேண்டாம்னு பயலுவ சொல்லுதானுவ. அடுத்த வாரம் வச்சுக்கிடலாம்."

அண்ணி தலை நிமிர்ந்து பார்த்தார். "இல்லீங்கண்ணா. நாலு மணிக்கு யாரு வந்து எட்டிப் பாப்பாங்கன்னு தெரியாது. காலியா விட்றாதீங்க."

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அன்று மாலை ஆட்டம் நடந்தது. யார் வென்றார்கள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நடந்ததா என்று மட்டும் அண்ணி கேட்டார்.

அண்ணனின் நோய்க்காலத்தில் துணை நின்ற மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கேட்கும் முன்பே விடுப்புக் கொடுத்த கம்பெனி முதலாளிக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பொறுப்பை ஏற்று நடத்தும் சூசை அண்ணனுக்கும் ஒன்பது அணிகளுக்கும் தனி நன்றி. அண்ணன் போனபின் வந்த ஐம்பத்திரண்டு ஞாயிறுகளிலும் மைதானத்தில் ஆட்டம் இருந்தது.

ஓராண்டு நினைவு நாளும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருகிறது. பூஜை காலை பத்து மணிக்கு. பகல் ஒரு மணிக்கெல்லாம் பந்தி முடிந்துவிடும். நாங்கள் எல்லோரும் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவோம். அதற்கு மேல் வருபவர்கள் வீட்டுக்கு வர வேண்டாம். நேராக மைதானத்துக்கு வந்துவிடுங்கள்.