செருப்பில் சூரியன்

ஆம்பூர் செருப்புக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தபோது, தோலில் அச்சுப் போடும் மிஷினில் ஒரு பாய் இருந்தார். எந்தத் தோலையும் உள்ளங்கையால் ஒருமுறை தடவாமல் மிஷினில் வைக்கமாட்டார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில், பாதம் மிதிக்கும் இடத்தில் சூரியனும் பிறையும் கேட்டிருந்தார்கள். போடமாட்டேன் என்றார்.

“பிறையை எடுத்துட்டோம் பாய், இப்ப போடு,” என்றார் மேனேஜர்.

“சூரியன் இருக்குதே சார். பொங்கலுக்கு இவங்கல்லாம் கும்பிடறாங்க.”

“அவங்களே சும்மா இருக்காங்க, உனக்கு இன்னாய்யா?”

“எங்க பிறையை மட்டும் மிதிக்கக் கூடாதா சார்?”

அன்றே அவரைத் தோல் ஊறும் தொட்டிக்கு மாற்றினார்கள். பொங்கல் வைக்கும் எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவளான நான்தான் அந்த உத்தரவை டைப் அடித்தேன். நினைத்தால் என்னையும் சேர்த்து எல்லார்மேலும் கோபம் வருகிறது, அவர் ஒருவரைத் தவிர.