மலையேறும் முன் கேட்காத கேள்வி

நான் நெல்லையில் கல்லூரி ஆசிரியை. சென்ற மார்கழியில், பாபநாசத்துக்கு மேலுள்ள காட்டில் நான்கு நாள் தங்கிச் செடிகளைக் கணக்கெடுக்க ஐந்து பேர் கிளம்பினோம். கூடாரம், கம்பளி, அட்டைக்கு உப்பு எல்லாம் சரிபார்த்திருந்தேன்.

சேரன்மகாதேவியில் டீ குடிக்க இறங்கியபோது, சக ஆசிரியை ஜெசிந்தாவுக்கு வியர்த்துக் கை நடுங்கியது. ஜீப் ஓட்டிய அண்ணாச்சி சட்டென்று சீனி கரைத்துக் கொடுத்தார். சற்றுத் தெளிந்ததும் அவள் சொன்னாள்:

“எனக்குச் சுகர் இருக்குக்கா, சில நேரம் இப்படிக் குறைஞ்சுரும். சொன்னா விட்டுட்டுப் போயிருவியளோன்னு பயந்துட்டேன்.”

“மேல போயி இப்படி ஆயிருந்தா என்ன செய்வீய டீச்சர்?” என்றார் அண்ணாச்சி.

அன்று திரும்பிவிட்டோம். மருத்துவர் சம்மதித்த பிறகு, மறுவாரம் அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனோம்.

இப்போதெல்லாம் மூட்டை கட்டுமுன் எல்லோரையும் உட்காரவைத்து, எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களும் தயங்காமல் சொல்கிறார்கள்.