ஊசியக்காவும் முதல் காரும்

இன்று கடல் தாண்டிப் போகிற அந்தக் கார் கம்பெனி, ஒரு தகரக் கொட்டகையில்தான் தொடங்கியது. அங்கே சீட்டுக்கு உறை தைக்கப் போனவள் ஊசியக்கா. கையிலும் ஊசி, வாயிலும் ஊசி. பெயர் சும்மா வரவில்லை.

முதல் கார் தயாரான அன்று ஏக தடபுடல். ஓட்டிப் பார்க்க முதலாளி வாசலில் வந்து நிற்கிறார். ஓட்டுநர் சீட்டோ பஞ்சு பிதுங்கிக் கிடக்கிறது. ஊசியக்கா பஞ்சை அள்ளித் திணித்து, அவசர அவசரமாகத் தைத்து மூடினாள். முதலாளி ஒரு சுற்றுப் போய்விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இது காரா, கட்டை வண்டியா?" என்று இன்ஜினியர்களை வறுத்தெடுத்தார். ஸ்பிரிங்தான் குத்துகிறது என்று அவர்கள் தூக்கம் கெட்டு அதையே புதிதாகச் செய்தார்கள். அடுத்து வந்த கார் மெத்தை மாதிரி ஓடியது. அந்தச் சுகத்துக்காகவே ஊர் உலகமெல்லாம் வாங்கியது. முதல் காரைப் போர்வை போர்த்தி மூலையில் தள்ளிவிட்டார்கள்.

முதல் கார் ஓடிய அன்று மாலை ஊசியக்காவின் கத்திரிக்கோலைக் காணோம். அம்மா வாங்கித் தந்தது. பக்கத்து மெஷினில் தைத்த நாத்தனார் மேல் சந்தேகம். "எடுத்தவங்க நல்லா இருக்கட்டும்," என்று ஜாடையாகச் சொன்னாள். அவ்வளவுதான், நாத்தனார் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்புறம் முப்பது வருஷம், எந்தக் கல்யாணத்திலும் இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது. அவளோடு வம்பளக்காமல் ஊசியக்காவுக்கு வாழ்க்கையே சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

போன மாதம் கம்பெனி ஒரு காட்சிக்கூடம் திறந்தது. பழைய ஆட்களைக் கூப்பிட்டு முதல் காரில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். தையல் பிரிவில் இவர்கள் இருவர்தான் மிச்சம். காரிலோ நடுவில் நாற்காலி போட வழியில்லை. ஊசியக்கா ஓட்டுநர் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

"ஐயோ, குத்துதே!"

தடவிப் பார்த்தாள். பஞ்சுக்கடியில் இரண்டு வளையம், நீளமாக ஒரு கூர்முனை. முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனாரின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள்.

"இங்கதாம்மா இருந்திருக்கு. உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே. மன்னிச்சுடும்மா."

நாத்தனார் அழுத்திப் பார்த்தாள். "அப்போ அண்ணி, அன்னைக்கு முதலாளியக் குத்துனது ஸ்பிரிங் இல்லையா?"

இருவரும் கார் குலுங்கச் சிரித்தார்கள். ஓடிவந்த மேலாளருக்கும் விஷயம் தெரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. "பிரிச்சு எடுத்துக்குங்கம்மா, நீங்களே மறுபடி தைச்சுக் குடுத்துடுங்க," என்றார்.

நாத்தனார் கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கத்திரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கண்ணி, என்னோடது. இதையும் உள்ள வச்சுத் தைச்சுட்டு, அப்புறம் யாரையாவது சந்தேகப்படாதீங்க."