ஒரே வாசற்படி

2006 வாக்கில் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. என் ரூம்மேட் திருநெல்வேலிக்காரன். எங்களோடு வேலை பார்த்த கிருஷ்ணகிரிப் பெண்ணை விரும்பினான். அவள் அப்பா ஒருவழியாக இறங்கிவந்து, "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரட்டும். நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வாசப்படி ஏறலைன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று சொல்லி அனுப்பினார்.

நண்பன், ஊரிலிருந்து வந்த அவன் அம்மா, நான் மூவரும் கோட்டை மலையடியில் இருந்த அந்தப் பழைய தெருவுக்குப் போனோம். கோட்டையை ஒட்டிய இடம் என்பதால் தொல்லியல் துறையைக் கேட்காமல் அங்கே இஷ்டத்துக்கு இடிக்கவோ கட்டவோ முடியாது. எல்லா வீடும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாடை. "ஒரு ஜன்னல்கூட மாத்த முடியாத தெரு. பொண்ணு மாறிப்போனாக்கூட உனக்குத் தெரியாதுடா" என்று வழியெல்லாம் அவனை ஓட்டினேன்.

பச்சைக் கதவு என்று அடையாளம் சொல்லியிருந்தாள். பச்சைக் கதவைத் தட்டினோம். ஓர் அம்மா உள்ளே உட்காரவைத்து மோர் கொடுத்தார். நடுமுற்றத்தில் வெயில் இறங்கிக் கல்தூண்மேல் சாய்ந்திருந்தது. எங்கோ ஒரு புறா முனகியது. மலையின் நிழல் ஓட்டுக்கூரைமேல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்திலேயே கிடந்த காதுக்கு, கிணற்றுத் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கண் சொக்கியது.

"ஆமா, யாரைப் பாக்க வந்தீங்க?" என்றார் அந்த அம்மா.

சொன்னோம்.

"அது பக்கத்து வீடாச்சே. அங்கயும் பச்சைக் கதவுதான்."

சுவர்க்கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது. "விடுடா, மோராவது கெடைச்சுது" என்றேன். "ஏல, சும்மா இருல" என்றான். குரல் உடைந்திருந்தது.

அந்த அம்மா மூலையிலிருந்த புளி மூட்டையை என்னை நகர்த்தச் சொன்னார். பின்னால் ஒரு குட்டிக் கதவு. "தாத்தா காலத்துல ரெண்டும் ஒரே வீடு. பாகம் பிரிச்சப்புறம் அடைக்கலாம்னா, இங்கதான் ஒரு செங்கல் வெக்கக்கூட பர்மிஷன் வாங்கணுமே. அப்படியே உட்டுட்டாங்க."

குனிந்து நுழைந்தோம். நண்பன் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டான். எதிரே முறைத்தபடி பெண்ணின் அப்பா.

"நாலேகாலுக்கே வந்துட்டாங்க, மாமா" என்றார் அந்த அம்மா. "எங்க வாசப்படி ஏறுனா உங்க வாசப்படி ஏறுன மாதிரிதானே."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு நண்பனின் நெற்றியைப் பார்த்தார்.

"இடிச்சுக்கினியா? சின்ன வயசுல நானும் அங்கதான் இடிச்சுக்குவேன். உக்காரு."

இப்போது அது என் நண்பனின் மாமனார் வீடு. நான் போனால் பக்கத்து வீட்டு வழியாகத்தான் நுழைவேன். ஒரு ஜன்னல்கூட மாற்ற முடியாத தெரு என்று கிண்டலடித்தவன், அந்த நிலைக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தலை குனிகிறேன்.